கொழும்பில் பிரசவமும் சத்திர சிகிச்சையும்

இக்காலத்தில் வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ கருவுற்றிருக்கும் ஒரு பெண் எட்டாம் மாதமளவில் வைத்திய நிபுணரை நோக்கி, “நோர்மலா, சிசேரியனா?” என்று வினவுவதும், அவர் அவளுடைய இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் குழந்தையின் தலை நிற்கும் நிலையையும் எடைபோட்டு மறுமொழி கூறுவதும் சர்வ சாதாரணமாகிவிட்டன. ஆயின் அவளுடைய பூட்டியின் காலத்தில் இவ்வினா எவர் வாயிலும் எழுந்ததில்லை. இரண்டு வழிகள் இருந்தால் அல்லவோ ஒன்றைத் தெரிந்துகொள்வதற்கு?

வயிற்றைக் கீறிச் சிசுவை எடுக்கும் எண்ணம் புராதனமானதுதான். சுசுருத சங்கிதை மூடகர்ப்பத்தைப் பற்றி விரித்துரைக்குமிடத்து, கர்ப்பிணி இறந்துபோய் உள்ளே சிசு அசைவதாயின் வைத்தியன் தாமதியாது வயிற்றைத் திறந்து அதனை எடுக்கவேண்டும் என விதிக்கிறது. புராதன ரோமாபுரியின் சட்டமும் கர்ப்பிணியின் உடலைச் சிசுவை எடுக்காமல் அடக்கம் செய்தலாகாது என்றது. இவ்விரண்டு விதிகளிலும் கத்திக்கு இலக்கானவள் இறந்த தாய் என்பதை நாம் கவனிக்கவேண்டும். உயிரோடிருக்கும் தாயின் கர்ப்பப்பையைக் கீறியவர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் அதனைத் தைக்காமலே விட்டமையால், உதிரம் பெருகியோ விஷம் ஏறியோ பெரும்பாலான தாய்மார் மாண்டனர். 1876இல் இத்தாலியரான பொர்ரோ, உதிரப் பெருக்கை நிறுத்தக் கர்ப்பப்பையையே அகற்றிவிட்டார். 1882இல் ஜெர்மானியரான மாக்ஸ் சேங்கர் கீறிய இடத்தை முறையாகத் தைக்கும் வழியை வகுத்த பின்னரே, அதே தாய் மறுமுறையும் கருவுறலாம் என்ற நம்பிக்கை பிறந்தது.

அதற்கு முன்னர், குழந்தை குறுகிய இடுப்பெலும்பில் சிக்கிக்கொண்டால் வைத்தியர்கள் என்ன செய்தனர் என்பதை எழுதக் கை கூசுகிறது: சிசுவின் தலையைச் சிதைத்துத் தாயைக் காப்பாற்றினர். ஆயுதக் குறட்டால் இழுத்தெடுக்க இயலாத சந்தர்ப்பத்தில் இதுவன்றி வேறு உபாயம் இருக்கவில்லை. 1884இல் உரோமாபுரியின் திருச்சபைப் பீடம், இத்தகைய சிகிச்சையை அனுமதிக்கத்தக்கதெனக் கற்பித்தல் ஆகாது என்று தீர்ப்பளித்தது. புனித லூசியா பேராலயத்தைச் சூழ்ந்து வாழும் கத்தோலிக்கக் குடும்பங்கள் மலிந்த கொட்டாஞ்சேனைக்கு இது எங்கோ தொலைவிலுள்ள தர்க்கமன்று. தாயின் உயிரோ சிசுவின் உயிரோ என்ற கேள்வி எழும் அறையில், கத்தோலிக்க விசுவாசியான வைத்தியனின் மனச்சாட்சியையும் கட்டிய தீர்ப்பு அது. பிராணாபத்திலிருக்கும் சிசுவுக்குக் குருவானவர் வந்துசேருமுன் மருத்துவிச்சியே ஞானஸ்நானம் கொடுக்கலாம் என்ற திருச்சபை வழக்கமும், அக்காலப் பிரசவம் எத்தகைய வாசற்படியில் நின்றது என்பதைக் காட்டும்.

வெள்ளவத்தைத் தமிழரின் கதை சற்றே வேறு. யாழ்ப்பாணத்திலிருந்து அரசாங்க உத்தியோகம் நாடி வந்து, கடலோரத்து ஒழுங்கைகளில் வீடெடுத்த லிகிதர்கள், தம் மனைவியரின் தலைப்பிரசவத்தைக் கொழும்பில் நடத்த இசைவது அரிது. 1905இல் வடபகுதிக்குப் புகையிரதப் பாதை பூர்த்தியான பின் பிரயாணம் எளிதாயிற்று; ஏழாம் மாதத்திலேயே பெண்ணைத் தாய்வீட்டுக்கு அனுப்பிவிடுவர். அங்கே ஊர் மருத்துவிச்சி இருந்தாள். பிரசவம் முடிந்தபின் மிளகு, மல்லி, சீரகம், மஞ்சள், உள்ளி சேர்த்தரைத்த சரக்குக் கறியும், இலைகள் அவித்த வேது நீரும், முப்பத்தொன்றாம் நாள் துடக்குக் கழிவும் ஒழுங்காக நடந்தேறின. நவீன வைத்தியமும் அங்கே இல்லாமற் போகவில்லை: மானிப்பாயில் வைத்தியசாலை நடத்திய அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் கிறீன் மகப்பேற்று நூலொன்றையே தமிழில் வெளியிட்டிருந்தார், 1898இல் இணுவிலில் பெண்களுக்கென்றே ஒரு மிஷன் வைத்தியசாலை எழுந்தது. எனினும் ஊரில் இடர் நேர்ந்தால் மருத்துவிச்சியிடமிருந்து வைத்தியனிடம் செல்லுதற்கு மாட்டு வண்டியே கதி. தாய்வீடு என்பது பாசத்தின் இடமேயன்றி எப்போதும் பாதுகாப்பின் இடமாயிருக்கவில்லை என்று சொல்வதில் பிழையில்லை.

கொழும்பிலோ 1879இல், சார்ள்ஸ் ஹென்றி டி சொய்சா என்னும் தனவந்தரின் கொடையால், அவர் பெயர் தாங்கிய பிரசவ இல்லம் திறக்கப்பட்டது. சென்னை எழும்பூர்ப் பிரசவ ஆஸ்பத்திரி 1844இலேயே தோன்றிவிட்டதாகையால் ஆசியாவில் இது முதலாவதன்று. ஆனால் இலங்கையின் மகப்பேற்று வைத்தியம் பெரும்பாலும் இதன் வாட்டுகளிலேயே வளர்ந்தது. ஆரம்பத்தில் இத்தகைய இல்லங்களை நாடியோர் வேறு புகலற்ற ஏழைகளே. வசதியுள்ளோர் மருத்துவிச்சியை வீட்டுக்கு அழைப்பித்தனர். பயிற்சி பெற்ற மருத்துவிச்சியர் இங்கிருந்து ஊர்களுக்குச் சென்றதும், 1926இல் களுத்துறையில் தொடங்கிய சுகாதாரப் பிரிவு முறை நாடெங்கும் பரவியதும், குடும்பத்தின் தயக்கத்தை மெல்ல மெல்லக் கரைத்தன.

இப்போது நாம் இவ்விடயத்தின் மையத்துக்கு வருகிறோம். 1934–35இல் மலேரியாக் காய்ச்சல் இத்தீவில் ஏறத்தாழ 80,000 பேரைப் பலிகொண்ட காலத்தில், கொழும்பு மருத்துவக் கல்லூரியில் மகப்பேற்று வைத்தியம் கற்பித்த ஜி. ஏ. டபிள்யூ. விக்கிரமசூரிய, நோயுற்ற கர்ப்பிணிகளைத் துருவி ஆராய்ந்து, மலேரியாவும் கொக்கிப்புழுவும் கர்ப்பவதியைத் தாக்கும் விதம் பற்றி 1937இல் நூலொன்று வெளியிட்டார். காய்ச்சல் இரத்தத்தின் செவ்வணுக்களை உடைக்கிறது. புழுவோ குடலிலிருந்தபடியே உதிரத்தை உறிஞ்சுகிறது. இவ்விரண்டுக்கும் நடுவே கருவைச் சுமப்பவள், வெளிறிய நாக்கும் வீங்கிய கால்களுமாய்ப் பிரசவ அறைக்கு வருகிறாள். ஆரோக்கியமானவள் தாங்கிக்கொள்ளும் உதிர இழப்பே இவளுடைய உயிரை மாய்க்கப் போதும். இத்தகையவளைக் கத்தியின் கீழ் வைப்பதும் ஆபத்து, நெடிய பிரசவ வேதனையில் விடுவதும் ஆபத்து. ஆகவே, சத்திர சிகிச்சையா, இயற்கைப் பிரசவமா என்பதைத் தீர்மானித்தது வைத்தியரின் கைத்திறன் அன்று, தாயின் இரத்தமே என்று நான் கருதுகிறேன். அத்தசாப்தத்தில் ஒரு லட்சம் பிறப்புகளுக்கு இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட தாய்மார் இறந்தனர் என்ற கணக்கை, இந்த வெளிறிய நாக்கை மறந்துவிட்டு வாசித்தல் கூடாது.

இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பின் எல்லாம் மாறிற்று. டி.டி.ரி. தெளித்ததால் மலேரியா பின்வாங்கியது. பெனிசிலின் விஷக் காய்ச்சலை அடக்கியது. எர்கோமெட்ரின் பிரசவத்துக்குப் பிந்திய உதிரப் போக்கை நிறுத்தியது. மாற்று இரத்தம் ஏற்றவும் வழி பிறந்தது. 1950இல் காசல் வீதி மகளிர் வைத்தியசாலை உண்டாயிற்று. ஏறக்குறைய அவ்வாண்டளவிலேயே தாய்மார் மரணம் லட்சத்துக்கு ஐந்நூறு, அறுநூறு என்ற அளவுக்கு இறங்கிவிட்டது. இன்று அது முப்பதை அண்டி நிற்கிறது. வெள்ளவத்தைப் பெண்கள் தலைப்பிரசவத்துக்கு வடக்கே புறப்படுவது குறைந்து, அம்மம்மாமார் சரக்குத் தூள் பொட்டலத்துடன் தெற்கே வரத்தொடங்கியதற்கு வாகன வசதி மட்டுமன்று, இவ்வெண்களும் காரணம். குடும்பக் கட்டுப்பாட்டுப் பணியில் பெயர்பெற்ற மகப்பேற்று நிபுணர் சிவா சின்னத்தம்பி போன்றோர், ஓயாத பிரசவங்களால் தேய்ந்த பெண்ணுடலுக்கு இடைவெளி கொடுத்ததையும் இவ்வரலாற்றிலிருந்து பிரித்தல் இயலாது.

கத்தியின் அபாயம் குறையவே, அதன் எல்லையும் விரிந்தது. இப்பொழுது இலங்கையில் நிகழும் பிரசவங்களில் மூன்றிலொன்றுக்கும் மேற்பட்டவை சிசேரியன். 1985இல் உலக சுகாதார ஸ்தாபனம் நூற்றுக்குப் பத்து முதல் பதினைந்து வரை போதும் என்றிருந்தது. நஞ்சுக்கொடி வாயிலை மறைத்திருப்பவளுக்கும், இரத்த அழுத்தம் ஏறிச் சன்னி காணும் நிலையிலிருப்பவளுக்கும் சத்திர சிகிச்சை உயிர்ப்பிச்சை, இதில் வாதமில்லை. ஆனால் மருத்துவக் காரணம் எதுவுமின்றி, சோதிடர் குறித்துக் கொடுத்த நல்ல நேரத்துக்காகச் சனல் பண்ணிய நிபுணரிடம் மன்றாடும் குடும்பங்களைக் காணும்போது, பஞ்சாங்கம் சத்திர சிகிச்சைக் கூடத்திலும் நுழைந்துவிட்டதே என்ற வியப்பு எனக்கு உண்டாகிறது. குழந்தை பிறந்த நேரத்தைக் கணித்துச் சாதகம் எழுதிய நம் முன்னோர், சாதகத்தை முன்னே எழுதி வைத்துக் குழந்தையைப் பின்னே பிறப்பிக்கலாம் என்று கனவிலும் நினைத்திருக்கமாட்டார்கள்.

இரண்டாம் பிரசவத்தில்தான் உண்மையான சிக்கல் தொடங்குகிறது. 1916இல் நியூயோர்க் வைத்தியர் கிரேகின், ஒருமுறை கீறிய கர்ப்பப்பையை மறுமுறையும் கீறவே வேண்டும் என்று எச்சரித்ததற்குக் காரணம், அக்காலத்தில் மேற்பாகத்தில் நெடுக்காகக் கீறிய வடு, அடுத்த வேதனையில் வெடிக்கக்கூடும் என்பதே. கிளாஸ்கோவின் மன்ரோ கெர் முன்னெடுத்த, கீழ்ப்பாகத்தில் குறுக்கே கீறும் முறை பரவிய பின், தகுந்த கண்காணிப்புடன் இயற்கைப் பிரசவத்தை முயன்று பார்க்கலாம் என்றாயிற்று. எனவே இரண்டாம் முறை கருவுற்றவளைச் சோதிக்கும் வைத்தியர் முதலில் அறிய விரும்புவது எந்தக் கீறல் என்பதையே. வயிற்றுத் தோலிலுள்ள தழும்பு அதனைச் சொல்லாது, தோலைக் குறுக்கே வெட்டியவர் கர்ப்பப்பையை நெடுக்கே வெட்டியிருக்கவும் கூடும். முதற் பிள்ளையை யாழ்ப்பாணத்திலும் இரண்டாவதைக் கொழும்பிலும் மூன்றாவதை லண்டனிலும் பெறும் நம் பெண்கள், வைத்தியசாலையை விட்டு வெளியேறுகையில் கிடைக்கும் டயக்னோசிஸ் கார்ட்டைக் கடவுச்சீட்டோடு சேர்த்துக் கட்டி வைக்கவேண்டியிருப்பது இதனாலேயே.