குறிப்பேடு இல்லாத அமைச்சரவை

1914ஆம் ஆண்டில் பிரிட்டனின் அமைச்சரவைக் கூட்டங்களில் நடவடிக்கைக் குறிப்பு எடுக்கும் வழக்கம் இல்லை. செயலாளர் எவரும் அந்த அறைக்குள் அமர்வதில்லை. கூட்டம் முடிந்தபின் பிரதமர் தம் கைப்பட மன்னருக்கு ஒரு கடிதம் எழுதுவார். அரசின் ஆவணமாக எஞ்சுவது அது ஒன்றே. 1916 டிசம்பரில் லாயிட் ஜார்ஜ் பிரதமராகி அமைச்சரவைச் செயலகத்தை அமைக்கும்வரை இதுவே நடைமுறை. அப்படியானால், முதல் உலகப் போருக்குள் பிரிட்டன் நுழைந்த அந்தப் பன்னிரண்டு நாட்களில் பிரதமரின் மனத்துக்குள் ஓடியது என்ன என்பதை நாம் எங்ஙனம் அறிகிறோம்? வரலாற்றாசிரியர்கள் திரும்பத் திரும்பக் கையில் எடுக்கும் சான்று ஒரு காதல் கடிதக் கட்டு. எழுதியவர் பிரதமர் ஹெர்பர்ட் ஹென்றி அஸ்க்வித், வயது 61. பெற்றவர் வெனிஷியா ஸ்டான்லி, வயது 26.

வெனிஷியா பிரதமரின் மகள் வயலெட்டின் நெருங்கிய தோழி, அவள் வயதினள். பிரபுக் குடும்பம். நிறையப் படித்தவள், பேச்சில் கூர்மை உள்ளவள். 1912 தொடக்கத்தில் சிசிலித் தீவில் கழித்த ஒரு விடுமுறையில் மகளும் தோழியும் அஸ்க்வித்துடன் இருந்தனர். அவரது கட்சியின் இளம் அரசியல்வாதி எட்வின் மாண்டேகுவும் உடனிருந்தார். அங்கே முளைத்த நட்பு இரண்டு ஆண்டுகளில், ஒரு நாள் கடிதம் எழுதாவிட்டால் பிரதமருக்கு அந்த நாள் நிறைவுறாது என்ற நிலையை எட்டியது. ஏறக்குறைய 560 கடிதங்கள் இன்று எஞ்சியிருக்கின்றன. சில நாட்களில் இரண்டு, மூன்று. இவற்றுள் சில, அமைச்சர்கள் சுற்றிலும் அமர்ந்து வாதிட்டுக்கொண்டிருக்க, அமைச்சரவை மேசையிலேயே எழுதப்பட்டவை.

1914 ஜூலை 24 அன்று எழுதிய கடிதத்தைப் பார்ப்போம். அன்று பக்கிங்காம் அரண்மனையில் அயர்லாந்து குறித்த மாநாடு முறிந்துபோனது. டிரோன், ஃபெர்மனா என்னும் இரு மாவட்டங்களின் எல்லைக்கோட்டைத் தாண்டி எவராலும் நகர முடியவில்லை. பிற்பகல் அமைச்சரவையில் வெளியுறவு அமைச்சர் கிரே, செர்பியாவுக்கு ஆஸ்திரியா விடுத்த இறுதி எச்சரிக்கையைப் படித்துக் காட்டினார். இதனால் ஒரு பேரழிவுப் போர் மூளக்கூடும் என்று அஸ்க்வித் வெனிஷியாவுக்கு எழுதுகிறார். ஆயினும் நல்லவேளையாக நாம் வெறும் பார்வையாளர்களாகவே இருந்துவிடலாம் என்றும் சேர்த்துக்கொள்கிறார். நாடாளுமன்றத்தில் இப்படி ஒரு வாக்கியத்தை அவர் சொல்லியிருக்க மாட்டார். மன்னருக்கும் எழுதியிருக்க மாட்டார். காதலிக்கு எழுதியதால்தான் அந்த நேரத்து மனம் ஒப்பனையின்றி நமக்குக் கிடைத்தது.

அடுத்த வாரம் நிலைமை தலைகீழாயிற்று. ஆகஸ்டு 1 அதிகாலை ஒன்றரை மணிக்கு, ரஷ்ய ஜார் மன்னருக்கு அனுப்ப வேண்டிய ஒரு தந்தியின் வரைவோடு வாடகைக் காரில் அரண்மனைக்கு ஓடி மன்னரை எழுப்பினார் பிரதமர். இரவு உடைமேல் பழுப்பு அங்கியைப் போர்த்திக்கொண்டு வந்து நின்ற ஐந்தாம் ஜார்ஜின் கோலத்தையும் வெனிஷியாவுக்கு விவரித்து எழுதினார். அந்த வார இறுதியில் அவர் வேல்ஸ் நாட்டின் ஆங்கிள்சி தீவில் இருந்த வெனிஷியாவின் வீட்டுக்குச் செல்வதாக இருந்தது. செல்ல முடியவில்லை. தம் வாழ்வில் இதைவிடக் கசப்பான ஏமாற்றம் இல்லை என்கிறார். ஐரோப்பா எரியத் தொடங்கிய நாளில்! இதைப் படிக்கையில் முதலில் எரிச்சலே எழுகிறது.

ஆனால் மறுநாள், ஆகஸ்டு 2 கடிதம் வேறு வகையானது. தம் நிலைப்பாட்டை அவளுக்கு வரிசையிட்டுத் தெளிவாக வைக்கிறார்: பிரான்சுக்கோ ரஷ்யாவுக்கோ படை உதவி செய்யும் கடப்பாடு நமக்கில்லை, இப்போது படை அனுப்புவது பேச்சுக்கே இடமில்லை, ஆயினும் பிரான்சுடனான நட்பை மறக்கலாகாது, அந்த நாடு அழிவது பிரிட்டனுக்கு நன்றன்று, ஆங்கிலக் கால்வாயை ஜெர்மனி போர்த்தளமாக்க விடமுடியாது, பெல்ஜியத்துக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். அமைச்சரவையில் பெரும்பாலோர் அந்தக் கட்டத்தில் போரை விரும்பாதவர்கள். ஜான் பர்ன்ஸும் ஜான் மார்லியும் விலகியே போனார்கள். மற்றவர்களைப் பிளவின்றி இழுத்துச் சென்றது இந்த நிதானமான அடுக்குதான். அது மிகத் துலக்கமாகப் பதிவாகியிருப்பது ஓர் இளம்பெண்ணுக்கு எழுதிய மடலில். ஆகஸ்டு 4 இரவு 11 மணிக்கு ஜெர்மனிக்குக் கொடுத்த கெடு முடிந்தது. நாற்பத்தொன்பதாம் நாள் எம்டன் கப்பலின் குண்டுகள் சென்னைத் துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்தின. எவரும் நம்மைக் கேட்டு அப்போரில் சேர்க்கவில்லை என்பது வேறு கதை.

போர் தொடங்கிய பிறகாவது கை அடங்கியதா என்றால், இல்லை. படை நகர்வுகள், தளபதிகளைப் பற்றிய கருத்துகள், டார்டனல்ஸ் தாக்குதலின் திட்டம் எல்லாம் சாதாரணத் தபாலில் போயின. வெள்ளிக்கிழமைப் பிற்பகல்களில் இருவரும் காரில் உலாப் போவார்கள். வெளியுறவுத் துறையின் இரகசியத் தந்திகளை அவளுக்குக் காட்டிவிட்டுக் கசக்கி ஜன்னல் வழியே எறிவார். அப்படி எறிந்த தாள்களைக் காவல்துறையினர் கண்டெடுத்து ஒப்படைத்ததும் உண்டு. அரசு இரகசியச் சட்டத்தை 1911இல் நிறைவேற்றியது இதே அஸ்க்வித்தின் அரசு. போர்முனையில் இருந்த படைவீரன் மனைவிக்கு எழுதிய கடிதத்தில் ஊர்ப்பெயர் இருந்தால்கூட மேலதிகாரி அதை மை பூசி அழித்தார்.

உடலுறவு இருந்ததா என்னும் கேள்வியில் பலர் மூழ்குகிறார்கள். 1982இல் கடிதங்களைப் பதிப்பித்த மைக்கேல் பிராக், எலினார் பிராக் இணையர் இல்லை என்றே கருதினர். 2024இல் இதை நாவலாக்கிய ராபர்ட் ஹாரிஸ் வேறுவிதமாகக் கற்பனை செய்தார். நமக்கு இக்கேள்வி முக்கியமாகப் படவில்லை. மனைவி மார்கோவுக்கு வேதனை தந்தது படுக்கை அல்ல. கணவரின் மனம் நாள்தோறும் வேறொருத்திக்குத் தபாலில் போய்க்கொண்டிருந்ததுதான்.

வெனிஷியாவுக்கும் அந்தச் சுமை கனத்தது. ஒரு பேரரசின் தலைவர் உன் கடிதமின்றி என்னால் இயங்க முடியாது என்று நாள்தோறும் எழுதினால் எந்தப் பெண்தான் மூச்சுவிட முடியும்? 1915 தொடக்கத்தில் லண்டன் மருத்துவமனையில் செவிலிப் பயிற்சிக்குச் சேர்ந்தாள். முன்பு தான் மறுத்த எட்வின் மாண்டேகுவையே மணக்க முடிவெடுத்தாள். யூத மதத்தில் மணமுடித்தாலன்றி மாண்டேகுவுக்குத் தந்தையின் சொத்து நிலைக்காது. அதற்காக மதமும் மாறினாள். மே 12 அன்று செய்தி அஸ்க்வித்தை அடைந்தது. அவர் எழுதிய பதில் சில வரிகளே. மூன்றாம் நாள் கடற்படைத் தலைவர் ஃபிஷர் விலகினார். குண்டுத் தட்டுப்பாட்டு ஊழல் பத்திரிகைகளில் வெடித்திருந்தது. மே 17 அன்று கூட்டணி அரசுக்கு அஸ்க்வித் உடன்பட்டார். உடைந்த மனம்தான் லிபரல் கட்சியின் கடைசி அரசைக் கவிழ்த்தது என்பார் உண்டு. அந்தக் காரணங்கள் இரண்டும் காதல் இல்லாமலே போதுமானவை என்று நாம் நினைக்கிறோம். ஆனால் எதிர்த்துப் போராடாமல் அத்தனை விரைவில் இணங்கியதை அவை மட்டும் விளக்கவில்லை.

மாண்டேகு நமக்குத் தெரிந்த மாண்டேகுதான். 1917இல் இந்திய மந்திரியாகி அவ்வாண்டு டிசம்பரில் சென்னைக்கு வந்தவர். நீதிக்கட்சியை 1920இல் ஆட்சியில் அமர்த்திய மாண்டேகு–செம்ஸ்போர்டு சீர்திருத்தத்தின் பாதிப் பெயர் அவருடையது. 1924இல் இறந்தார்.

அஸ்க்வித் 1928இல் மறைந்தார். அவ்வாண்டு வெளிவந்த அவரது நினைவு நூலில் இக்கடிதங்களின் பகுதிகள் இடம்பெற்றன. பெற்றவளின் பெயர் இன்றி, சமகாலக் குறிப்புகள் என்ற பெயரில். 1964இல் ராய் ஜென்கின்ஸ் எழுதிய வாழ்க்கை வரலாறுதான் அவற்றின் உண்மையான முகவரியைப் பரவலாகத் தெரிவித்தது. அந்த ஆண்டுகளில் வெனிஷியா அவருக்கு எழுதியவற்றை அஸ்க்வித் அழித்துவிட்டதாகவே கருதப்படுகிறது. பிரதமர் கேட்ட ஆலோசனைகளுக்கு அவள் என்ன பதில் சொன்னாள், போரைப் பற்றி என்ன நினைத்தாள் என்பதை அவர் பதில்களிலிருந்து ஊகிக்க மட்டுமே முடிகிறது. 1930இல் அவள் பெயர் ஒரு நூலின் அட்டையில் வந்தது, பதிப்பாசிரியராக. நூல், கணவர் மாண்டேகுவின் இந்திய நாட்குறிப்பு.