தரவுப் பிணைப்பு: இணையச் சேவைகளில்

வலைவழியே எழுத்தாக வந்து சேரும் செய்தியை நிரலுக்குள் ஆப்ஜெக்டாகவும், ஆப்ஜெக்டை மறுபடி எழுத்தாகவும் மாற்றும் வேலைக்குத் தரவுப் பிணைப்பு என்று பெயர். நிரலாளர் வழக்கில் டேட்டா பைண்டிங். இணையச் சேவை எழுதுவோர் பெரும்பாலும் கருவியைத்தான் முதலில் தேர்ந்தெடுக்கிறார்கள். பிணைப்பு அதோடு ஒட்டிக்கொண்டு வந்துவிடுகிறது. ஆனால் நீண்ட காலம் தங்கிவிடுவது பிணைப்புதான். சர்வரை ஒரு வாரத்தில் மாற்றிவிடலாம். பிணைப்பு உண்டாக்கித் தந்த கிளாஸ்கள் நிரலின் மூலைமுடுக்கெல்லாம் பரவிய பிறகு அவற்றைப் பிடுங்கி எறிவது அப்படியல்ல. இந்தத் தேர்வு மிக விரிவாக நடந்த களம் ஜாவா என்பதால் இக்கட்டுரை அதையே மையமாகக் கொள்கிறது.

எக்ஸ்எம்எல் 1.0 வரையறையை டபிள்யூ3சி 1998 பிப்ரவரியில் வெளியிட்டது. அதைப் படிக்க அப்போது இரண்டு வழிகள் இருந்தன. டாம் முறை ஆவணம் முழுவதையும் மரமாக நினைவகத்தில் ஏற்றும். சாக்ஸ் முறை ஒவ்வொரு குறியையும் கடந்து போகும்போது சொல்லிக்கொண்டே போகும். இரண்டிலும் "இது விலை, இது தேதி" என்று பிரித்தெடுக்கும் வேலை நிரலாளர் தலையில்தான் விழுந்தது. அந்த ஆண்டே டேவ் வைனர், டான் பாக்ஸ், பாப் அட்கின்சன், மொசென் அல்-கொசெயின் ஆகியோர், சேவைகள் எக்ஸ்எம்எல்லில் செய்தி பரிமாறுவதற்கான சோப் நெறிமுறையை வடிவமைத்தனர். அதன் 1.1 பதிப்பு 2000 மே மாதம் டபிள்யூ3சியில் குறிப்பாகப் பதிவானது.

இங்கே கால வரிசை முக்கியம், ஏனென்றால் பின்னால் வந்த தொல்லைகளில் பாதிக்கு அதுவே காரணம். தரவின் வடிவத்தைச் சொல்லும் எக்ஸ்எம்எல் ஸ்கீமா 2001 மே மாதம்தான் முடிவான பரிந்துரையானது. சோப் அதுவரை காத்திருக்க முடியவில்லை. அதனால் 1.1 பதிப்பின் 5ஆம் பிரிவு தனக்கென ஒரு குறியேற்ற முறையை வைத்துக்கொண்டது. ஒவ்வொரு நிறுவனத்தின் கருவியும் அந்தப் பிரிவைத் தன் போக்கில் புரிந்துகொண்டது. ஒருவர் அனுப்பிய அரேயை இன்னொருவரால் படிக்க முடியவில்லை. இதைச் சீர்படுத்த 2002இல் டபிள்யூஎஸ்-ஐ என்ற கூட்டமைப்பு உருவாயிற்று. 2004இல் அது வெளியிட்ட பேசிக் புரொஃபைல் 1.0 அந்தக் குறியேற்றத்தையே விலக்கிவிட்டது. அன்றுமுதல் ஸ்கீமாவே ஒப்பந்தம் என்பது நடைமுறையானது.

ஸ்கீமாவோடு டபிள்யூஎஸ்டிஎல் சேர்ந்தது. சேவையில் என்னென்ன செயல்கள், ஒவ்வொன்றும் எதைப் பெற்று எதைத் தரும் என்று விவரிக்கும் கோப்பு அது. 2001 மார்ச்சில் பதிவான 1.1 பதிப்பை எழுதிய நால்வரில் ஒருவர், அப்போது ஐபிஎம்மில் பணியாற்றிய இலங்கையரான சஞ்சீவ வீரவரண. அந்தக் கோப்பைக் கொடுத்தால் கருவி கிளாஸ்களை எழுதித் தரும். கேட்க எளிமை. ஸ்கீமாவோ எளிமையானதல்ல. அதில் உள்ளமைந்த தரவு வகைகள் மட்டும் 44. அவற்றோடு ஒன்றை நீட்டி இன்னொன்று, இதுவோ அதுவோ என்னும் தெரிவு, எதையும் ஏற்கும் இடம் என்று ஜாவா கிளாஸில் நேரான இணை இல்லாத அமைப்புகள் பல.

இந்த இடைவெளியை நிரப்பப் பல கருவிகள் வந்தன. காஸ்டர் முன்னோடி. 2003இல் ஜாவா சமூகத்தின் தரமாக ஜாக்ஸ்பி 1.0 வந்தது, ஸ்கீமாவின் சில பகுதிகளை அது விட்டுவிட்டது, உண்டாக்கும் கோப்புகளும் மிகுதி. பிஇஏ நிறுவனம் உருவாக்கி அதே ஆண்டு திறமூல அமைப்பான அப்பாச்சிக்குக் கொடுத்த எக்ஸ்எம்எல்பீன்ஸ் நேர் எதிரான கொள்கை உடையது: ஸ்கீமா முழுவதையும் ஏற்கும், மூல ஆவணத்தின் தகவலைத் தொலைக்காது. அதற்கு விலையாக எடை கூடியது. டென்னிஸ் சொஸ்னோஸ்கியின் ஜிப்எக்ஸ் மூன்றாவது பாதை எடுத்தது. நிரலாளர் ஏற்கெனவே எழுதிய கிளாஸையும் எக்ஸ்எம்எல்லையும் இணைக்கும் வரைபடத்தைத் தனிக் கோப்பில் வைத்து, தொகுத்த பைட்கோடுக்குள் மாற்றும் நிரலைச் செருகியது. ஸ்கீமா மாறினாலும் உள் கிளாஸ் மாறாமல் இருக்கலாம் என்ற எண்ணத்தைத் தெளிவாக முன்வைத்த கருவி அது. அதற்குக் கிடைத்த பெயர் அதன் தகுதிக்குக் குறைவு.

சோப் சேவைகளை ஓட்டும் கருவியான அப்பாச்சி ஆக்சிஸ் 2002இல் தன் முதல் பதிப்பைக் கண்டது. அதில் பிணைப்பு சேவை இயந்திரத்தோடு பின்னிக் கிடந்தது. வேறொன்றை வைக்க வழி அரிது. இந்தக் குறையைப் போக்கும் அடுத்த வடிவம் 2004 ஆகஸ்டில் கொழும்பில் நடந்த உருவாக்குநர் சந்திப்பில் திட்டமிடப்பட்டது. லங்கா சாஃப்ட்வேர் ஃபவுண்டேஷன் மூலமும், 2005இல் வீரவரணவும் பிறரும் தொடங்கிய டபிள்யூஎஸ்ஓ2 மூலமும் இலங்கை நிரலாளர்கள் ஆக்சிஸ்2இன் பெரும்பகுதியை எழுதினார்கள். உலகெங்கும் வங்கிகளும் அரசு அலுவலகங்களும் ஓட்டிய ஒரு கருவி பெரும்பாலும் கொழும்பில் உருவானது என்பது தெற்காசிய மென்பொருள் வரலாற்றில் உரக்கச் சொல்லப்பட வேண்டிய செய்தி.

2006இல் வெளியான ஆக்சிஸ்2 1.0, பிணைப்பை இயந்திரத்திலிருந்து பிரித்து வெளியே வைத்தது. உள்ளே ஆக்ஸியம் என்ற மர அமைப்பு. தேவைப்படும் அளவுக்கு மட்டும் செய்தியை இழுத்துப் படிக்கும். கிளாஸ்களை உண்டாக்கும் டபிள்யூஎஸ்டிஎல்2ஜாவா கட்டளையில் டி என்ற ஒற்றைத் தெரிவால் ஏடிபி, எக்ஸ்எம்எல்பீன்ஸ், ஜிப்எக்ஸ், ஜாக்ஸ்பி எதையும் அமர்த்தலாம். எதுவும் சொல்லாவிட்டால் ஏடிபி. அது ஆக்சிஸ்2க்கென்றே எழுதப்பட்ட இலகுவான பிணைப்பு. வேகமானது, சிறு சேவைக்குப் போதும். ஆனால் அதன் கிளாஸ்களுக்கு ஆக்சிஸ்2க்கு வெளியே வாழ்வில்லை, சிக்கலான ஸ்கீமாவில் திணறும். ஆகவே, வேறு நிறுவனமோ அரசோ வகுத்த பெரிய ஸ்கீமாவைக் கையாள வேண்டியவர் எக்ஸ்எம்எல்பீன்ஸை நாடினார். தன் கிளாஸ்களைக் கலைக்க விரும்பாதவருக்கு ஜிப்எக்ஸ் பொருந்தியது. நாளை கருவி மாறலாம் என்று எண்ணியவருக்கு ஜாக்ஸ்பியே சரி.

அந்த எண்ணமே நிலைத்தது. ஜாவா 5இன் அன்னொடேஷன்களை வைத்துத் திருத்தி எழுதப்பட்ட ஜாக்ஸ்பி 2.0, 2006 டிசம்பரில் ஜாவா 6உடன் உள்ளடங்கியே வந்தது. செல்டிக்ஸ், எக்ஸ்ஃபயர் என்ற இரு திட்டங்களின் இணைப்பில் பிறந்த அப்பாச்சி சிஎக்ஸ்எஃப் என்ற சேவைக் கருவி அதையே முதல் தெரிவாக வைத்துக்கொண்டது. தரமும் நிலையானதல்ல என்பதைப் பின்னாள் காட்டியது. 2018இல் ஜாவா 11 ஜாக்ஸ்பியைத் தன் தொகுப்பிலிருந்து நீக்கியது. பிறகு ஜாக்ஸ்பி ஜகார்த்தா என்ற திட்டத்தின்கீழ் போனபோது அதன் பேக்கேஜ் பெயர்களின் முன்னொட்டே மாறியது. உண்டாக்கிய கிளாஸ்களை விளிம்பிலேயே நிறுத்திவைத்தவர்கள் மறுபடி உண்டாக்கிக்கொண்டு நகர்ந்தார்கள். மற்றவர்கள் கோப்பு கோப்பாகத் திருத்தினார்கள்.

கருவிகளை ஒப்பிடும்போது வேகத்தையே அளப்பது வழக்கம். வகைகளை எப்படி மாற்றுகிறது என்பதே அதைவிடப் பெரிய கேள்வி. ஸ்கீமாவின் 'டேட்' வகையில் மணி கிடையாது. ஏடிபி அதை ஜாவாவின் பழைய டேட் கிளாஸாக மாற்றும், அதுவோ ஒரு நொடியைக் குறிப்பது. இந்தியாவிலும் இலங்கையிலும் நள்ளிரவு என்பது உலகப் பொது நேரத்தில் முந்தைய நாள் மாலை 6.30. நேர மண்டலம் வேறான சர்வரில் அதே கிளாஸ் மீண்டும் எழுத்தாகும்போது ஒருவரின் பிறந்த நாள் ஒரு நாள் பின்னால் போய்விடும். ஜாக்ஸ்பி இதற்குத் தனிக் கிளாஸ் தருகிறது. கையாள அலுப்பூட்டுவது, ஆனால் பிசகாதது. அதேபோல, செய்தியில் ஒரு புலம் வரவே இல்லை என்பதும், வெறுமையாக வந்தது என்பதும் வேறு வேறு. இந்த வேறுபாட்டைத் தொலைக்கும் பிணைப்பை, மாற்றப்படாத புலங்களை அனுப்பாமல் விடும் சேவைக்கு அமர்த்தக் கூடாது.

இதற்கிடையே, டக்ளஸ் கிராக்ஃபோர்ட் முன்வைத்த ஜேசன் என்ற எளிய தரவு வடிவம் 2006இல் ஆர்எஃப்சி 4627ஆக வெளிவந்தது. ராய் ஃபீல்டிங் 2000இல் தன் ஆய்வேட்டில் வகுத்த ரெஸ்ட் பாணியோடு சேர்ந்து அது சோப்பைப் பெருமளவு ஒதுக்கியது. ஜாக்சன், ஜீசன் நூலகங்கள் ஸ்கீமா இல்லாமலே கிளாஸோடு பிணைத்தன. விடுதலை போலத் தோன்றியது, பழைய கேள்விகள் அப்படியே இருந்தன. ஜாவாஸ்கிரிப்ட் எண்களால் 53 பிட்டுக்கு மேல் முழு எண்ணைப் பிசகாமல் வைத்திருக்க முடியாது என்பதால், 2010இல் ட்விட்டர் தன் பதிவு எண்களைச் சரமாகவும் சேர்த்து அனுப்ப வேண்டியதாயிற்று. செய்தியிலேயே கிளாஸ் பெயரை ஏற்கும் ஜாக்சனின் வசதி, அயலார் தம் நிரலை ஓட்டும் வாசலாகலாம் என்பது 2017இல் பதிவான பாதுகாப்புக் குறையால் பலருக்கும் தெரிந்தது. ஒப்பந்தத்தின் தேவை மறையவில்லை. 2011இல் தொடங்கிய ஸ்வேகர் பின்னர் ஓப்பன்ஏபிஐ ஆனது. கூகுள் 2008இல் திறந்துவிட்ட புரோட்டோகால் பஃபர்ஸ், முதலில் வடிவத்தை எழுதிப் பின்பு கிளாஸ் உண்டாக்கும் பழைய முறையையே வேறு உருவில் தொடர்கிறது.

2018 முதல் எக்ஸ்எம்எல்பீன்ஸை அப்பாச்சி பிஓஐ திட்டம் பராமரித்து வருகிறது; எக்செல் கோப்புகளின் பெரிய ஸ்கீமாவைப் படிக்க அதற்கு இன்றும் அந்தப் பிணைப்பே வேண்டியிருக்கிறது.