கண்மூடி நிற்கும் சோதனை

நோயாளி நிற்கையிற் சமநிலை பேணும் ஆற்றலை அளக்க இன்றும் கையாளப்படும் எளிய சோதனை பேர்லினிற் பிறந்தது. 1840க்கும் 1846க்குமிடையில் வெளிவந்த தமது நரம்புநோய் நூலில் மோறிற்ஸ் றொம்பேர்க் இதனை விவரித்தார். பாதங்களைச் சேர்த்து நின்று கண்களை மூடியதும் முண்ணாண் நோயாளி தள்ளாடுவான். இத்தகையோர் இருளிற் கால் இடறுவதை இங்கிலாந்தின் மார்ஷல் ஹோல் 1836இலேயே குறித்திருந்தார்; எனினும் அதனைச் சோதனையாக்கியவர் றொம்பேர்க்கே.

இதனை மூளி நோயின் அறிகுறியெனக் கொள்வோர் நம்மிடையேயும் உளர். அது தவறு. மூளி பழுதுற்றவன் கண்கள் திறந்திருக்கையிலேயே தள்ளாடுவான். இங்கு கெடுவது பாதங்களிலிருந்து முண்ணாண் வழியே மேற்செல்லும் நிலையுணர்வு. பார்வை அவ்விழப்பை ஈடுசெய்து நோயை மறைத்து நிற்கிறது. றொம்பேர்க் ஆராய்ந்த அந்நோய்க்கு மேகக்கிருமியே காரணமென்பது, அவர் 1873இல் மறைந்து பல்லாண்டுகளின் பின்னரே உறுதியாயிற்று.