நெல்லையும் புல்லையும் பிரித்த மருந்து

முத்தாபுதுப்பேட்டைக்கு நான் குடிவந்த புதிதில், ரயில் நெமிலிச்சேரியைத் தாண்டினால் இருபுறமும் வயல்தான். பத்துப் பதினைந்து பெண்கள் வரிசையாகக் குனிந்து களை எடுப்பார்கள். 1980களில் அந்த வரிசை மெலிந்துகொண்டே வந்தது. தெரிந்த விவசாயி ஒருவரிடம் கேட்டேன். "நட்ட மூணாம் நாள் மருந்தை மணல்ல கலந்து தூவிட்டாப் போதும் சார், புல்லு முளைக்காது" என்றார். நெல்லும் புல் இனம்தானே, அது மட்டும் எப்படிப் பிழைக்கிறது என்று அன்று கேட்கத் தோன்றவில்லை. ஓய்வுபெற்ற பிறகு படித்துத்தான் தெரிந்துகொண்டேன்.

பயிரை விட்டுக் களையை மட்டும் கொல்லும் மருந்துகளில் பேர்போனது 2,4-டி. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் செடிகளின் வளர்ச்சி ஊக்கிகளை ஆராய்ந்தபோது பிறந்தது. எதிரி நாட்டுப் பயிரை அழிக்க உதவுமா என்றும் பார்த்தார்கள். அதனால் பல முடிவுகள் ரகசியமாகவே இருந்தன. 1945-ல் கடைக்கு வந்தது. அகன்ற இலைக் களைகள் கருகும், தானியப் பயிர் தப்பும். ஆனால் நெல்லின் பங்காளியான குதிரைவாலிப் புல்லை அதனால் ஒன்றும் செய்ய முடியவில்லை. நாற்றில் இரண்டும் ஒன்றுபோல இருக்கும். அனுபவப்பட்ட கைதான் பிரித்தறியும்.

அந்தக் கையின் வேலையை 1960 வாக்கில் அமெரிக்காவின் ரோம் அண்ட் ஹாஸ் கொண்டுவந்த புரோபனில் செய்தது. நெல்லின் இலையில் இருக்கும் ஒரு நொதி அந்த மருந்தை உடைத்துவிடும். புல்லில் அந்த நொதி மிகக் குறைவு. இதில் ஒரு வில்லங்கமும் உண்டு. சிலவகைப் பூச்சிமருந்துகள் அந்த நொதியைக் கட்டிப்போட்டுவிடும். இரண்டையும் அடுத்தடுத்து அடித்தால் நெல்லே கருகும்!

அந்த விவசாயி தூவிய பூட்டாகுளோரின் தந்திரம் வேறு. மருந்து மண்ணின் மேல்பரப்பில் தங்கி, முளைவிடும் புல் விதையைப் பிடித்துக்கொள்ளும். நாற்று ஏற்கெனவே வளர்ந்தது, வேரும் கீழே இருக்கிறது. அதனால்தான் மூன்றாம் நாள் கணக்கு. வயலில் மெல்லிய நீர் நிற்க வேண்டும். வடித்துவிட்டால் மருந்தும் போச்சு. நேரடியாக விதைத்த வயலில் நெல்லும் முளைதானே? அதற்காக சிபா-கைகி பிரெட்டிலாகுளோரோடு ஃபென்குளோரிம் என்ற துணை மருந்தைச் சேர்த்தது. மருந்தை உடைக்கும் சக்தியை அது நெல்லில் தூண்டிவிடும். எனக்கு மிகவும் பிடித்த கண்டுபிடிப்பு இதுதான்: களையைக் கொல்ல அல்ல, பயிரைக் காக்க ஒரு ரசாயனம்.

ஆள் கிடைக்கவில்லை என்று விவசாயி மருந்துக்குப் போனார். மருந்து வந்ததால் வேலை போனது என்று, எங்கள் வீட்டுக்குக் கீரை கொண்டுவந்த அம்மா சொல்வார். அவரும் முன்பு களை எடுத்தவர்தான். இரண்டு பேர் சொன்னதும் உண்மை என்றே எனக்குப் படுகிறது.

புல்லும் சும்மா இருக்கவில்லை. 1990 வாக்கில் அமெரிக்காவின் ஆர்கன்சா மாநில நெல் வயல்களில் புரோபனிலுக்குச் சாகாத குதிரைவாலிப் புல்லைக் கண்டார்கள். ஆராய்ந்தால், நெல் பிழைக்கும் அதே வழியில்தான் அதுவும் மருந்தை உடைத்துக்கொண்டிருந்தது.