வென்றவரின் பயம்

போரில் விழுந்த நகரங்கள் – 9

பெர்சிவலுக்கு எல்லாம் முன்பே தெரியும். இந்தக் கதையில் நெஞ்சை உறுத்துவது அதுதான்.

1937இல் ஆர்தர் பெர்சிவல் மலாயாவில் ஜெனரல் டாபியின் கீழ் ஸ்டாஃப் அதிகாரி. சிங்கப்பூரைப் பிடிக்க ஜப்பான் நினைத்தால் எப்படி வரும் என்று எதிரியின் இடத்தில் தன்னை வைத்துப் பார்த்து ஓர் அறிக்கை தயாரித்தார். கடலிலிருந்து நேராக வந்து மோத மாட்டார்கள், வடக்கே சயாமின் சிங்கோராவிலும் பட்டானியிலும் மலாயாவின் கோத்தா பாருவிலும் இறங்கி, தீபகற்பம் நெடுகத் தெற்கே வந்து கொல்லைப்புறமாக நுழைவார்கள் என்பது அதன் சாரம். நாலு வருஷம் கழித்து, 1941 மே மாதம், மலாயாப் படைகளின் தளபதியாக அவரையே அனுப்பிவைத்தது லண்டன். அந்த டிசம்பர் 8ஆம் தேதி, விடிவதற்குள் ஜப்பானியர் இறங்கிவிட்டார்கள். இறங்கிய இடங்கள் சிங்கோரா, பட்டானி, கோத்தா பாரு!

ஹாங்காங் பதினெட்டு நாளில் விழுந்ததைச் சென்ற வாரம் பார்த்தோம். அது விழும் என்று லண்டனில் பலருக்குத் தெரிந்தே இருந்தது. சிங்கப்பூர் அப்படியில்லை. இருபது வருஷமாகப் பணத்தைக் கொட்டி, வடகரையில் பிரம்மாண்டமான கடற்படைத் தளம் கட்டி, 'அசைக்க முடியாத கோட்டை' என்று ஊர் உலகமெல்லாம் பறைசாற்றி வைத்திருந்தார்கள். ஒரு குறை மட்டும் உண்டு. தளத்தில் நிறுத்தக் கப்பல் இல்லை. ஐரோப்பாவில் ஹிட்லரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த பிரிட்டனால் 'பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ்', 'ரிபல்ஸ்' என்ற இரண்டு பெரிய போர்க்கப்பல்களைத்தான் அனுப்ப முடிந்தது. பாதுகாப்புக்கு ஒரு விமானம்கூட மேலே இல்லாமல் அவை வடக்கே கிளம்பின. டிசம்பர் 10 அன்று குவாந்தான் கடலுக்கு அப்பால் ஜப்பானிய விமானங்கள் இரண்டையும் மூழ்கடித்தன. அட்மிரல் டாம் ஃபிலிப்ஸும் கப்பலோடு போனார்.

அடுத்த ஐம்பது நாளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம், ஏனென்றால் அது ஒரே காட்சி திரும்பத் திரும்ப நடந்ததுதான். பிரிட்டிஷ் படை சாலையை மறித்து நிற்கும். ஜப்பானியர் முன்னால் டாங்கியை விட்டு முட்டுவார்கள். இன்னொரு கூட்டம் ரப்பர் தோட்டத்துக்குள் புகுந்து பக்கவாட்டில் சுற்றிவந்து பின்னால் முளைக்கும். வளைக்கப்பட்டுவிடுவோம் என்று பின்வாங்குவார்கள், அடுத்த ஊர் வரும். ஜித்ரா, கம்பார், சிலிம் ரிவர் எல்லாம் இப்படித்தான் போயின. ஜனவரி 11இல் கோலாலம்பூர். மலாயாவில் பிரிட்டிஷாரிடம் ஒரு டாங்கிகூட இல்லை. அங்கே நின்ற இந்தியச் சிப்பாய்களில் பலர் புதிதாகச் சேர்ந்த பையன்கள். டாங்கி என்ற ஒன்றை அவர்கள் முதன்முதலாகப் பார்த்ததே எதிரியினுடையதாக அது தங்களை நோக்கி வந்தபோதுதான்.

ஜப்பானியக் காலாட்படையோ ஆயிரக்கணக்கான சைக்கிள்களில் வந்தது. போருக்கு முன்பே மலாயா முழுக்க விற்றவை ஜப்பானிய சைக்கிள்கள்தான், ஆகவே எந்தச் சிற்றூரிலும் உதிரிபாகம் கிடைத்தது. வெயிலில் டயர் வெடித்தால் வெறும் ரிம்மிலேயே ஓட்டினார்கள். இரவில் தார்ச்சாலையில் அந்தக் கடகடச் சத்தம் கேட்டு டாங்கிகள் வருவதாக நினைத்தவர்கள் உண்டு.

அந்தப் படையின் தளபதி தொமொயுக்கி யமஷிட்டா. ஷிக்கோக்கு தீவில் ஒரு டாக்டரின் மகன். கனத்த உடம்பு, மொட்டைத்தலை, தூக்கக் கலக்கம் போன்ற கண்கள். பிரதமர் தோஜோவுக்கு அவரைக் கண்டால் ஆகாது. மலாயாவுக்கு இன்னும் கூடுதலாகப் படை தரத் தலைமை தயாராக இருந்தும் மூன்று டிவிஷன் போதும் என்று சொன்னவர் அவர். திமிர் போலத் தெரியும். உண்மையில் அது சோற்றுக் கணக்கு. அந்தச் சாலைகளில் அதற்கு மேல் எத்தனை பேருக்குச் சாப்பாடும் தோட்டாவும் கொண்டுபோய்ச் சேர்க்க முடியும்? வழியில் கைவிடப்பட்ட பிரிட்டிஷ் கிடங்குகள் மீதியைப் பார்த்துக்கொண்டன. சிப்பாய்கள் அதற்கு 'சர்ச்சில் சப்ளை' என்று பெயர் வைத்தார்கள்.

ஜனவரி 31 அன்று கடைசிப் படைகளும் ஜொகூரிலிருந்து தீவுக்குள் வந்து சேர்ந்ததும் கடற்பாலத்தை வெடி வைத்து உடைத்தார்கள். விழுந்த இடைவெளி சுமார் 20 மீட்டர். அவ்வளவுதான் அகழி.

இந்த இடத்தில் ஒரு பழைய கதையைக் கழித்துவிட வேண்டும். சிங்கப்பூரின் பீரங்கிகள் கடலைப் பார்த்தே இருந்தன, திருப்ப முடியாமல் கோட்டை விட்டார்கள் என்று இன்றும் சொல்கிறார்கள். கேட்கச் சுவையாக இருக்கிறது, ஆனால் சரியில்லை. அந்த 15 அங்குலப் பீரங்கிகளில் பெரும்பாலானவை நிலப்பக்கமும் திரும்பின, ஜொகூர் பக்கம் சுடவும் செய்தன. ஆனால் இருந்த குண்டுகளில் அநேகம் போர்க்கப்பலின் இரும்புத்தகட்டைத் துளைப்பதற்காகச் செய்தவை. சேற்று நிலத்தில் விழுந்தால் ஆழமாகப் புதைந்து வெடிக்கும், சுற்றி நிற்கும் ஆளுக்குச் சேதம் குறைவு.

உண்மையான ஓட்டை வேறிடத்தில் இருந்தது. வடகரையில் முள்வேலி, பதுங்குகுழி, டாங்கித் தடை எதுவும் கிடையாது. தலைமை எஞ்சினியர் ஐவன் சிம்சன் டிசம்பர் 26 இரவு பெர்சிவலிடம் போய்க் கெஞ்சாத குறையாகப் பேசினார். ஆளும் இருக்கிறது, பொருளும் இருக்கிறது, இப்போதே தொடங்கலாம் என்றார். கரையில் அரண் கட்டுவதைப் பார்த்தால் படையும் ஜனங்களும் மனம் தளர்ந்துவிடுவார்கள் என்று மறுத்துவிட்டார் பெர்சிவல். கொல்லைப்புறமாக வருவான் என்று 1937இல் எழுதிய அதே கை, கொல்லைக் கதவுக்குத் தாழ்ப்பாள் வேண்டாம் என்றது. பெர்சிவலுக்காகப் பரிந்து பேச எனக்கு நிறைய உண்டு. அவர் கேட்ட விமானம் வரவில்லை, டாங்கிகள் மத்தியக் கிழக்குக்கும் ரஷ்யாவுக்கும் போயின. ஆனால் சிம்சனுக்குச் சொன்ன இந்தப் பதிலுக்கு மட்டும் என்னால் சமாதானம் சொல்ல முடியவில்லை. நிலப்பக்கம் அரணே இல்லை என்பது சர்ச்சிலுக்கே ஜனவரியில்தான் தெரிந்தது. கோட்டை என்று ஊரை நம்பவைத்தவர்கள் கடைசியில் தாங்களும் நம்பிவிட்டார்கள்.

பெர்சிவலிடம் சுமார் 85,000 பேர். தீவைத் தாக்க யமஷிட்டா இறக்கியது ஏறக்குறைய 35,000 பேர். பெர்சிவல் தன் படையைக் கரை முழுக்கப் பரப்பினார். ஜப்பானியர் வடகிழக்கில்தான் இறங்குவார்கள் என்று நம்பி, அப்போதுதான் கப்பலிலிருந்து இறங்கிய பிரிட்டிஷ் 18ஆம் டிவிஷனை அங்கே வைத்தார். மேலதிகாரி வேவல் வடமேற்கு என்று சந்தேகப்பட்டார், பெர்சிவல் கேட்கவில்லை. யமஷிட்டாவும் அந்த நம்பிக்கையை வளர்த்துவிட்டார். பிப்ரவரி 7 இரவு ஒரு கூட்டத்தை அனுப்பி வடகிழக்கே ஊபின் தீவைப் பிடிக்கவைத்தார். அவரோ ஜொகூர் சுல்தானின் அரண்மனைக் கோபுரத்தில் உட்கார்ந்து, எதிர்க்கரை முழுவதையும் கண்ணாலேயே அளந்துகொண்டிருந்தார்.

8ஆம் தேதி பகலெல்லாம் வடமேற்கில் குண்டுமழை. டெலிபோன் கம்பிகள் அறுந்தன. அன்றிரவு, ஒரு கிலோமீட்டர்கூட அகலம் இல்லாத நீரிணையைப் படகுகளில் தாண்டி சரிம்புன் கரைக்கு வந்தார்கள். அங்கே நின்றது ஆஸ்திரேலிய 22ஆம் பிரிகேட், சுமார் 3,000 பேர். சதுப்புக் காடும் கழிமுகமுமாக 16 கிலோமீட்டர் கரையை அவர்கள் காக்க வேண்டும். கரையில் வைத்திருந்த ஒளிவிளக்குகள் எரியவில்லை. கம்பி அறுந்ததால் உதவி கேட்ட செய்தி பின்னால் இருந்த பீரங்கிகளுக்கு நேரத்தில் போய்ச் சேரவில்லை. விடிவதற்குள் 13,000 ஜப்பானியர் தீவில் இருந்தார்கள். மறுநாள் தெங்கா விமானதளம் போயிற்று.

அதன்பின் ஒரு காகிதம் செய்த கேடு. கிராஞ்சிக்கும் ஜூரோங்குக்கும் இடையில் ஒரு தடுப்புக் கோடு இருந்தது. அதுவும் உடைந்தால் நகரைச் சுற்றி எங்கே வந்து நிற்க வேண்டும் என்று பெர்சிவல் ரகசியமாக ஒரு முன்யோசனைத் திட்டம் அனுப்பினார். 'உடைந்தால்' என்பதை விட்டுவிட்டு, இப்போதே கிளம்பச் சொல்கிறார் என்று படித்தார் ஒரு பிரிகேடியர். சண்டையே போடாமல் கோடு காலியானது.

10ஆம் தேதி இரவு புக்கிட் தீமா ஜப்பானியர் கைக்குப் போகத் தொடங்கியது. தீவின் மிக உயரமான மேடு. எண்ணெயும் உணவும் வெடிமருந்தும் சேர்த்து வைத்திருந்த வட்டாரம் அது. அதைத் தாண்டினால் நீர்த்தேக்கங்கள். ஜொகூரிலிருந்து வந்த குடிநீர்க் குழாய் ஏற்கெனவே அறுபட்டிருந்தது. அகதிகளோடு சேர்ந்து பத்து லட்சம் பேர் அடைந்து கிடந்த நகரத்தில் குண்டு விழுந்து குழாய்கள் வெடித்து, கிடைத்த தண்ணீரும் சாக்கடையில் ஓடியது.

ஒருவருக்கும் தெரியாத சங்கதி மறுபக்கத்தில். யமஷிட்டாவின் பீரங்கிகளுக்குக் குண்டு தீர்ந்துகொண்டிருந்தது. சிப்பாய்கள் இரண்டு மாதமாக ஓயாமல் ஓடிக் களைத்தவர்கள். வீதிக்கு வீதி சண்டை என்று ஆகிவிட்டால், இரண்டு மடங்குக்கும் மேல் ஆள் வைத்திருப்பவன் தன் கணக்கைப் புரிந்துகொண்டுவிடுவான். இது அவரே பின்னாளில் ஒத்துக்கொண்டது. தான் ஆடியது வெற்று மிரட்டல் என்றும், அது பலித்துவிட்டது என்றும் சொன்னார். குறைந்த குண்டை மிச்சம் பிடித்துச் சுட்டால் குறைவு தெரிந்துவிடும் அல்லவா? ஆகவே தாராளமாகச் சுடச் சொன்னார். 11ஆம் தேதி விமானத்திலிருந்து மரப்பெட்டிகளில் சரணடையச் சொல்லும் கடிதங்கள் விழுந்தன. வீரமாகப் போரிட்டீர்கள், இனி உயிர்ச்சேதம் எதற்கு என்ற தோரணையில், எல்லாம் முடிந்துவிட்டதுபோல எழுதியிருந்தார்.

பாசிர் பாஞ்சாங் மேட்டில் மலாய் ரெஜிமென்ட் அந்த மிரட்டலுக்கு மசியவில்லை. 14ஆம் தேதி புக்கிட் சந்துவில் லெப்டினன்ட் அத்னான் சைடியும் அவருடைய ஆட்களும் தோட்டா தீர்ந்தபின் கைகலப்பிலும் நின்று செத்தார்கள். அன்றே அருகிலிருந்த அலெக்சாண்ட்ரா ராணுவ ஆஸ்பத்திரிக்குள் புகுந்த ஜப்பானியர் நோயாளிகளையும் டாக்டர்களையும் குத்திக் கொன்றார்கள்.

பிப்ரவரி 15 ஞாயிறு. சீனப் புத்தாண்டு. கேனிங் கோட்டையின் நிலவறையில் காலையில் கூடிய தளபதிகளிடம் பெர்சிவல் இரண்டு வழிகளை வைத்தார். உடனே எதிர்த்தாக்குதல் நடத்திப் புக்கிட் தீமாவை மீட்பது, இல்லையென்றால் சரணடைவது. தாக்கலாம் என்று ஒருவரும் சொல்லவில்லை. இனி முடியாது என்றால் நிறுத்திக்கொள்ளலாம் என்று வேவலிடமிருந்தும் அனுமதி வந்திருந்தது.

பெர்சிவலைக் கோழை என்று எழுதுகிறவர்கள் இந்த நாளைத்தான் காட்டுகிறார்கள். எதிராளியின் கையில் சீட்டு இல்லை என்று இன்று நமக்குத் தெரியும். நிலவறையில் உட்கார்ந்திருந்தவருக்குத் தெரிந்தது வேறு. தண்ணீர் போயிற்று, வானம் அவர்களுடையது, துறைமுகத்தில் தப்பிக்கக் கப்பல் தேடி முண்டியடிக்கும் தன் சிப்பாய்கள், தெருவில் அள்ளப்படாத பிணங்கள். அன்று சரணடைந்ததை நான் தப்பென்று சொல்ல மாட்டேன். தப்பெல்லாம் அதற்கு முந்திய ஐம்பது நாளில் நடந்து முடிந்துவிட்டது.

சாயங்காலம் புக்கிட் தீமாவில் ஃபோர்டு கார் தொழிற்சாலைக்கு நடந்துபோனார் பெர்சிவல். கூடவே மேஜர் சிரில் வைல்ட், தோளில் வெள்ளைக்கொடி. முழங்கால் தெரியும் அரைக்கால் சட்டையும் தட்டைத் தொப்பியுமாக ஒல்லியான பெர்சிவல் நடந்துபோகும் அந்தப் புகைப்படம் உலகம் முழுக்கப் போயிற்று. மேஜைக்கு எதிரே யமஷிட்டா. பெர்சிவல் அவகாசம் கேட்டார். நிபந்தனைகளைப் பேச விரும்பினார். சம்மதமா இல்லையா, அதை மட்டும் சொல் என்று யமஷிட்டா நெருக்கினார். இல்லையென்றால் இன்றிரவே தாக்குதல் என்றார். வென்றவனின் ஆணவம் என்று பத்திரிகைகள் எழுதின, ஜப்பானியர் அந்தக் காட்சியை ஓவியமாகவே தீட்டிக் கொண்டாடினார்கள். அவருக்கு உள்ளே இருந்ததோ வேறு. பேச்சு நீண்டால் பிரிட்டிஷார் தன் பலத்தை எடைபோட்டுவிடுவார்கள். 6 மணி 10 நிமிஷத்துக்குக் கையெழுத்து ஆனது.

ஜனங்களுக்குப் பாதுகாப்பு வேண்டும் என்று பெர்சிவல் கேட்டார். தருவதாக யமஷிட்டா வாக்குக் கொடுத்தார். சில நாட்களிலேயே சீன ஆண்களை வரிசையில் நிறுத்திப் பிரித்து, லாரிகளில் ஏற்றிக் கடற்கரைகளுக்குக் கொண்டுபோய் ஆயிரக்கணக்கில் சுட்டுத் தள்ளியது அவருடைய படை. 'பேச்சை முடி' என்ற அவசரத்தில் கொடுத்த வாக்கு அது.

பிப்ரவரி 17 அன்று ஃபேரர் பார்க் மைதானத்தில் இந்தியச் சிப்பாய்களை மட்டும் தனியாகக் கூட்டி, பிரிட்டிஷ் அதிகாரி ஒருவர் ஜப்பானிய மேஜர் ஃபுஜிவாராவிடம் ஒப்படைத்தார். அங்கிருந்து கேப்டன் மோகன் சிங்கின் இந்திய தேசிய ராணுவம் பிறந்தது. மலாயாத் தோட்டங்களில் பால்மரம் வெட்டிக்கொண்டிருந்த தமிழர்களில் சிலர் பிறகு நேதாஜி வந்தபோது அதில் சேர்ந்தார்கள். அதைவிடப் பெருங்கூட்டம் சயாம்–பர்மா ரயில் பாதைக்கு அள்ளிக்கொண்டு போகப்பட்டது. அதில் திரும்பாதவர்களின் பட்டியலை யாரும் எழுதிவைக்கவில்லை.

பெர்சிவல் மூன்றரை வருஷம் கைதியாக இருந்தார். 1945 செப்டம்பரில் 'மிசௌரி' கப்பலில் ஜப்பான் சரணடைந்தபோது மெக்ஆர்தர் அவரைப் பக்கத்தில் நிற்கவைத்தார். அதற்கு அடுத்த நாள் பிலிப்பைன்ஸின் பாகியோவில் யமஷிட்டா சரணடைந்தார், அங்கும் எதிரே பெர்சிவல் உட்கார்ந்திருந்தார். வெற்றிக்குப் பிறகு தோஜோ யமஷிட்டாவைத் தோக்கியோவில் கால்வைக்கவிடாமல் மஞ்சூரியாவுக்கு அனுப்பிவிட்டிருந்தார். மணிலாவில் நடந்த படுகொலைகளுக்குப் பொறுப்பாளி என்று 1946 பிப்ரவரி 23 அன்று யமஷிட்டாவைத் தூக்கிலிட்டார்கள். சரணடைந்த அன்றிரவே படகேறித் தப்பிய ஆஸ்திரேலியத் தளபதி கோர்டன் பென்னெட்டுக்கு அதன்பின் போர்க்களத் தலைமை கிடைக்கவேயில்லை.

யமஷிட்டாவின் மூன்று டிவிஷன் தளபதிகளில் ஒருவர் ரென்யா முத்தாகுச்சி. மேலே போய்விடு, சாப்பாடு எதிரியின் கிடங்கில் கிடைக்கும் என்பதை மலாயாவில் அவர் கண்ணால் கண்டார். 1944 மார்ச்சில் பர்மாவிலிருந்து இந்திய எல்லைக்குள் நுழைந்தபோது மூன்று வாரத் தீனியும் ஓட்டிக்கொண்டுபோகக் கால்நடைகளும் போதும் என்று முடிவுசெய்தார். எதிரே இருந்தவர் ஜெனரல் வில்லியம் ஸ்லிம், கிடங்கைக் கைவிட்டுவிட்டு ஓடுகிறவர் இல்லை. அடுத்த வாரம் இம்பால்.

(தொடரும்)