மடுகரையில் ஒரு ஊசி: பிரசவ ஜன்னியின் கதை

1/ "கால்ல நீர் கோத்துக்கிச்சு டாக்டர், பிரசவம் ஆனா வத்திடும்னு அத்தை சொன்னாங்க." மடுகரை, நெட்டப்பாக்கம் பக்கம் இதைக் கேட்காத டாக்டர் இருக்க மாட்டார். பெரும்பாலும் அத்தை சொல்வது சரிதான். சரியில்லாத சில பேருக்காகத்தான் இந்த இழை. கொஞ்சம் நீளம், பொறுமையா படிங்க.

2/ கர்ப்பிணிக்கு பிபி ஏறி, கவனிக்காமல் விட்டால் வலிப்பு வரும். நம்ம ஊரில் 'ஜன்னி' என்பார்கள், பேய் பிடித்தது என்றும் சொன்னார்கள். டாக்டர்கள் வைத்த பெயர் எக்லாம்ப்சியா. கிரேக்க மொழியில் மின்னல் வெட்டு என்று பொருள். அவ்வளவு திடீரென்று வரும்.

3/ ஆனால் மின்னலுக்கு முன்னால் மேகம் உண்டு. 1843இல் லண்டன் டாக்டர் ஜான் லீவர், இப்படி வலிப்பு வந்த பெண்களின் சிறுநீரில் புரதம் இருப்பதைக் கண்டார். இன்று நாம் பிபி பார்க்கும் முறையை ரஷ்ய டாக்டர் கொரோட்காஃப் சொன்னது 1905இல். அதன் பிறகுதான் மேகத்தை முன்கூட்டியே பார்க்க முடிந்தது.

4/ சிகிச்சை? பல வருஷம் இருட்டு அறை, சத்தம் கூடாது, மயக்க மருந்து. அவ்வளவுதான்.

5/ இங்கே நம்ம சென்னை வருகிறது. 1844இல் தொடங்கிய, இன்று எழும்பூரில் இருக்கும் அரசு தாய்சேய் மருத்துவமனை. அங்கே பேராசிரியர் எம்.கே. கிருஷ்ண மேனன் (அரசியல்வாதி வி.கே. அல்ல!) பெத்திடின், குளோர்ப்ரோமசின், ப்ரோமெதசின் மூன்றையும் சேர்த்துக் கொடுத்தார். 1961இல் பிரிட்டன் மகப்பேறு இதழில் எழுதினார். 'மேனன் முறை' இந்தியா முழுக்கப் பரவியது.

6/ அதே காலத்தில் அமெரிக்காவின் டல்லாஸில், ஏழைப் பெண்கள் வரும் பார்க்லாந்து அரசு மருத்துவமனையில், ஜாக் பிரிட்சார்டு மக்னீசியம் சல்பேட் கொடுத்து வந்தார். 1984இல் 245 பேரின் கணக்கைக் காட்டினார். இறந்தவர் ஒரே ஒருவர்.

7/ எது நல்லது? 1995இல் இந்தியா உட்படப் பல நாடுகளில் 1,600க்கும் மேற்பட்ட பெண்களிடம் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். டயசிபாம், ஃபெனிடாயின் இரண்டையும் மக்னீசியம் தோற்கடித்தது. பின்னால் நடந்த ஆய்வுகளில் மேனன் முறையையும் தோற்கடித்தது. நம்ம ஊர் முறை என்று பிடித்துக்கொண்டிராமல் விட்டோம். அதில் வெட்கமில்லை, அதுதான் மருத்துவம்.

8/ இன்று கிராமத்து நர்ஸே முதல் டோஸ் போடலாம்: இடுப்புக்கு 5 கிராம் வீதம், இரண்டு பக்கமும். போட்டுவிட்டுத்தான் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும்.

9/ மருந்து கிடைத்துவிட்டதே, கதை முடிந்ததா? இல்லை. பிரிட்சார்டின் அதே அமெரிக்காவில் கறுப்பினப் பெண்கள் பேறுகாலத்தில் இறப்பது வெள்ளையரைவிட சுமார் 3 மடங்கு. 2016 ரியோ ஒலிம்பிக் தொடர் ஓட்டத்தில் தங்கம் வென்ற டோரி போவி 2023இல், 32 வயதில், வீட்டில் தனியாக, பிரசவ வலியோடு இறந்தார். எக்லாம்ப்சியா காரணமாக இருக்கலாம் என்றது பிரேதப் பரிசோதனை. அதே அணியில் ஓடிய அலிசன் ஃபெலிக்ஸுக்கும் பிபி ஏறி, 32 வாரத்தில் ஆபரேஷன். அவரும் குழந்தையும் பிழைத்தார்கள். தோல் நிறம் நோய் தராது. சொன்னதைக் காதில் வாங்காத, சமயத்தில் பார்க்காத ஏற்பாடுதான் ஆளைக் கொல்கிறது.

10/ நம்மிடம் அந்த ஓட்டை எங்கே? என் கணக்கில், வளைகாப்பில்! ஏழாம் மாதம் வளையல் போட்டு அம்மா வீட்டுக்கு அனுப்புகிறோம். மடுகரையைச் சுற்றி தமிழ்நாடு. பெண் புதுச்சேரி கணக்கிலிருந்து விழுப்புரம் கணக்குக்குப் போகிறாள். பிபி ஏறும் மாதமும் அதுதான். "அங்க பாத்துப்பாங்க" என்று இங்கே நினைக்கிறோம், "இங்க பாத்திருப்பாங்க" என்று அங்கே.

11/ அதனால் சீர்வரிசைத் தட்டோடு செக்கப் அட்டையும் போகட்டும். போன முதல் வாரமே பிபி, யூரின் பார்க்கட்டும். 140/90 தாண்டினால் டாக்டரிடம். 160/110 என்றால் அப்பவே 108. விடாத தலைவலி, கண் மங்கல், மேல்வயிற்று வலி, முகம் கை வீக்கம் வந்தால் விடியட்டும் என்று இருக்காதீங்க. குழந்தை பிறந்த பிறகும் ஜன்னி வரும்.

12/ அவள் "தலை வலிக்குது" என்று சொன்னால் தைலம் தேடாதீங்க, பிபி பாருங்க. உங்கள் வீட்டு அத்தைகளுக்கு இதை அனுப்புங்கள். அவர்கள் சொன்னால்தான் வீடு கேட்கும்.