போகலாமா, கூடாதா?

"நம்மை வைவதற்கென்றே கூடுகிற சபைக்கு நாம் எதற்காகப் போகவேண்டும்?"

மயிலாப்பூர் மாட வீதியில் வசிக்கும் நண்பர் ஒருவர் என்னை இப்படிக் கேட்டார். சம்பந்தி வீட்டுக் கல்யாணத்தைப் பற்றிக் கேட்கிறாரோ என்று முதலில் பயந்துபோனேன். அவர் கேட்டதோ யூதர்களைப் பற்றி. 2001-ஆம் ஆண்டில் ஐக்கிய நாடுகள் சபை, இனத் துவேஷத்தைக் கண்டிப்பதற்காக டர்பன் நகரில் ஒரு மகாநாடு கூட்டிற்று. அங்கே யூதர்கள் மீதே வசைமாரி பொழிந்தது. இஸ்ரேலும் அமெரிக்காவும் பாதியிலேயே எழுந்து வந்துவிட்டன. 2009-இல் ஜெனிவாவில் அதன் தொடர்ச்சி நடந்தபோது அவ்விரு நாடுகளும் போகவே இல்லை. ஆனால் யூத மாணவர் சங்கத்தார் பலர் போனார்கள். போய் எதிர்க் குரலும் எழுப்பினார்கள். இவர்களில் யார் செய்தது சரி?

டர்பன் என்றதும் எனக்கு மகாகனம் சீனிவாச சாஸ்திரியாரின் ஞாபகம் வந்தது. வலங்கைமானில் பிறந்து, திருவல்லிக்கேணி ஹிந்து ஹைஸ்கூலில் தலைமையாசிரியராக இருந்து, 1944-இல் மயிலாப்பூரில் ராமாயணப் பிரசங்கங்கள் செய்தாரே, அவரேதான். பகைவர் கூடிய சபைகளுக்கு அவரைப்போல் அலுக்காமல் போனவர்கள் அதிகம் பேர் இல்லை.

1921-இல் லண்டன் ஏகாதிபத்திய மகாநாட்டுக்குப் போனார். ஊரெல்லாம் ஒத்துழையாமை முழங்கிய சமயம் அது. அவரைப் பரிகசித்தவர்களுக்குக் குறைவில்லை. குடியேற்ற நாடுகளில் வாழும் இந்தியர்களுக்குச் சம உரிமை வேண்டும் என்று அவர் வாதாடினார். தீர்மானம் நிறைவேறிற்று. தென்னாப்பிரிக்காவின் ஸ்மட்ஸ் மட்டும் சம்மதிக்கவில்லை. எந்த நாட்டில் நம்மவர்களுக்குக் கஷ்டம் அதிகமோ, அந்த நாடே விலகிக்கொண்டது!

1923-இல் கென்யா இந்தியர்களுக்காக மறுபடியும் லண்டனுக்குப் போனார். கிடைத்த பதில் என்ன? மலைப்பகுதியின் நல்ல நிலங்கள் வெள்ளையருக்கே என்பதும், இந்தியர்களுக்குத் தனி வாக்காளர் தொகுதி என்பதுந்தான். சாந்த சொரூபியான சாஸ்திரியாருக்கே கோபம் வந்துவிட்டது. மறு வருஷம் வெம்பிளியில் நடக்கவிருந்த சாம்ராஜ்யப் பொருட்காட்சியை இந்தியா பகிஷ்கரிக்க வேண்டும் என்று சொன்னார். அவர் பேச்சு எடுபடவில்லை. இந்திய மண்டபம் அங்கே ஜம்மென்று எழுந்தது.

அவ்வளவு கசப்புக்குப் பிறகும், 1926 டிசம்பரில் கேப் டவுனில் வட்ட மேஜை மகாநாடு கூடியபோது, ஸர் முகம்மது ஹபிபுல்லாவின் தலைமையில் சென்ற கோஷ்டியில் அவரும் இருந்தார். இந்தியர்களை ஒதுக்குப்புறத்தில் தள்ளும் மசோதா வாபஸாயிற்று. பதிலுக்கு, தாயகம் திரும்ப விரும்பும் இந்தியர்களுக்குப் பண உதவி செய்து அனுப்பும் திட்டத்தை நம்மவர்கள் ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது. 1927-இல் காந்திஜியின் வற்புறுத்தலால் சாஸ்திரியார் இந்தியாவின் ஏஜெண்டாக அந்த நாட்டுக்கே போனார். கிளர்க்ஸ்டார்ப் என்ற ஊரில் அவர் பேசிய கூட்டத்தில் வெள்ளையர்கள் கலகம் செய்தார்கள். ஆனால் டர்பனில் இந்தியப் பிள்ளைகளுக்காக, அவர் முயற்சியால், சாஸ்திரி கல்லூரி எழுந்தது.

கேப் டவுனுக்குப் போனவர் வெம்பிளிக்கு மட்டும் போகாதே என்றது ஏன்? இது முரண்பாடு அல்லவா?

எனக்கு அப்படித் தோன்றவில்லை. மகாபாரதத்திலும் இரண்டு பேர் துரியோதனன் சபைக்குப் போகிறார்கள். தருமபுத்திரர் அழைப்பைத் தட்டக்கூடாது என்று போய், அவர்கள் உருட்டிய பகடைக்குக் கட்டுப்பட்டு, எல்லாவற்றையும் இழந்தார். கிருஷ்ணனோ, "போகவேண்டாம்" என்று விதுரர் தடுத்தும் கேளாமல் தூது போனான். சமாதானம் வராது என்பது அவனுக்குத் தெரியும். முயன்று பார்க்கவில்லை என்ற பழி வரக்கூடாது என்பதற்காகப் போனான். சொல்லவேண்டியதைச் சபையறியச் சொல்லிவிட்டுத் திரும்பினான்.

அங்கே போனால் நம் வாய்க்கு வேலை உண்டா, அல்லது நம் முகத்துக்கு மட்டுந்தான் வேலையா? இதைத்தான் பார்க்கவேண்டும். கேப் டவுனில் பேச இடம் இருந்தது. வெம்பிளியில் இந்தியா பொம்மைக் கொலுவில் ஒரு பொம்மை, அவ்வளவுதான்.

போனதால் எல்லாம் கிடைத்துவிடவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். 1943-லும் 1946-லும் தென்னாப்பிரிக்கா இந்தியர்களின் நிலவுரிமையை மேலும் நெரிக்கும் சட்டங்களைச் செய்தது. 1946 ஏப்ரலில் சாஸ்திரியார் காலமானார். அதே வருஷம் டிசம்பரில், விஜயலட்சுமி பண்டிட்டின் வாதத்துக்குப் பிறகு, ஐக்கிய நாடுகள் சபை தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக இந்தியாவின் பக்கம் தீர்ப்பளித்தது. அதைக் கேட்க அவர் இல்லை.

1974-இல் டேவிஸ் கோப்பை டென்னிஸ் இறுதி ஆட்டம் வந்தது. எதிராளி தென்னாப்பிரிக்கா. நம் சென்னைப் பிள்ளைகளான அமிர்தராஜ் சகோதரர்கள் ஆடிய இந்தியக் கோஷ்டிக்குக் கோப்பை கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. இந்தியா ஆட மறுத்தது. கோப்பை தென்னாப்பிரிக்காவுக்குப் போயிற்று.

இதையெல்லாம் கேட்டபின் நண்பர் சிறிது நேரம் பேசாமல் இருந்தார். "அந்தப் பையன்களுக்கு எவ்வளவு வருத்தமாக இருந்திருக்கும்!" என்றார்.

இருந்திருக்கும். பேச வாயில்லாத இடத்துக்குப் போகாமலிருப்பதற்கும் ஒரு விலை உண்டு. அந்தத் தடவை அதைக் கொடுத்தவர்கள் அந்தப் பிள்ளைகள்.